இல்லாத கம்ப்யூட்டருக்கு நல்ல நேரம்

அந்தச் சனிக்கிழமை மாடி ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மொதலாளி. கீழே பட்டுக்கடை, மேலே கம்ப்யூட்டர் சென்டர். இரண்டும் அவருடையது.

பாடம் எடுக்கிற மேடம். வீடு சின்ன காஞ்சிபுரம். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

சென்னையிலிருந்து வந்த ஆபீசர். எங்கள் சென்டரைச் சோதனை போட வந்தவர். யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி.

நெசவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்.

ஒரகடம் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர். எங்கே போனாலும் சேர்ந்தே போவார்கள். சேர்ந்தே லேட்டாக வருவார்கள்.

தாமலிலிருந்து பைக்கில் வருகிறவர். ஏரிக்கரைக் காற்றில் வந்து தலையெல்லாம் கலைந்திருக்கும்.

பேங்க் சார். ரிடையர் ஆக நாலு வருஷம் இருக்கிறது. இன்னும் பரீட்சை எழுதுகிறார்.

காலேஜ் வாத்தியார். கறுப்புச் சட்டை. சாமி கிடையாது, சகுனம் கிடையாது.

பிறகு நான். பெருக்குவேன், டீ போடுவேன், காலையில் திறப்பேன், சாயந்திரம் பூட்டுவேன். படிப்பு ஆறாவது.

மொத்தம் பதினொரு பேர்.

அங்கே நடந்த படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கும். அதற்குள்ளே நிறையக் கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி அது நடிக்கும். உள்ளே இருப்பதைக் கையால் தொட முடியாது. ஆனால் ஆன் பண்ணலாம், ஆஃப் பண்ணலாம், கெட்டும் போகும். பேர் விர்ச்சுவல் மிஷின். ஒவ்வொருத்தருக்கும் நாலு. ஏழு பேருக்கு இருபத்தெட்டு.

இந்த இருபத்தெட்டும் ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஸ்டோரேஜ் என்று பேர். உள்ளே தட்டு தட்டாக டிஸ்க் சுற்றும். மொதலாளி அதைச் சென்னையில் பழசாக வாங்கி வந்தார். தட்டு இல்லாத புது டிஸ்க் வாங்கலாம் என்று மேடம் கேட்டபோது, தை பொறக்கட்டும் என்றார். தை பிறந்தது. சித்திரை என்றார்.

பெட்டி இருந்தது என் டீ ரூமுக்குப் பக்கத்தில். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதனால் படிக்கிறவர்களைவிட அந்தப் பெட்டியை நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒருத்தர் மிஷினைப் போட்டால் பச்சை விளக்கு அஞ்சு நிமிஷம் மினுக்கும். பிறகு அடங்கிவிடும். ஏழு பேரும் சேர்ந்து போட்டால் எல்லா விளக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி அடிக்கும். உள்ளே கொறகொறவென்று சத்தம் வரும். முக்கால் மணி நேரம் ஆகும் அடங்க. அந்த முக்கால் மணி நேரமும் ஹாலில் ஒரு வேலையும் ஓடாது. எல்லாரும் டீ கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொருத்தரும் வந்த நேரத்துக்கு வந்து போடுவார்கள். சனிக்கிழமைதான். காரணம் மொதலாளி.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். வகுப்பு ஒன்பது மணிக்கு. ராகு காலத்தில் மிஷின் போடக் கூடாது என்பது மொதலாளி சட்டம். ஹால் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றரை மணி நேரமும் மேடம் போர்டில் எழுதிப் பாடம் நடத்துவார். பத்தரை அடித்ததும் மொதலாளி மெயினைப் போடுவார். ஏழு பேரும் ஒரே அமுக்காக அமுக்குவார்கள்.

இல்லாத கம்ப்யூட்டருக்கு ராகு காலம் பார்த்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

மேடத்துக்குக் காரணம் தெரியாமல் இல்லை. அவர் நடத்துகிற பாடமே அதுதான். முதல் மாசமே மொதலாளியிடம் போய்ச் சொன்னார்.

“சார், ஏழு பேரும் ஒண்ணா போடறதாலதான் பெட்டி திணர்றது. மிஷின்ல கோளாறு இல்ல.”

“சனிக்கெழமைல மட்டும்தான் ஆவுதும்மா?”

“ஆமாம் சார்.”

“அப்ப சனீஸ்வரன்தான்.”

அடுத்த வாரத்திலிருந்து பெட்டி ரூமில் எள் விளக்கு. ஏற்றுகிற வேலை எனக்கு. எண்ணெய் கருகிப் பெட்டிமேல் புகை படிந்தது. மேடம் பார்த்துவிட்டு விளக்கை என் டீ ரூமுக்கு மாற்றச் சொன்னார். சனீஸ்வரன் டீ ரூமில் உட்கார்ந்தார். பெட்டி கொறகொற என்றதே ஒழியக் குறையவில்லை.

மேடம் படிக்கிறவர்களிடமும் சொல்லிப் பார்த்தார். வரிசையாகப் போடுங்கள், ஒருத்தருக்கு ஆறு நிமிஷம் விடுங்கள் என்றார். எல்லாரும் சரி மேடம் என்றார்கள். பத்தரை ஆனதும் எல்லாரும் அமுக்கினார்கள்.

“மேடம், நான் ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்” என்றார் தாமல்காரர்.

“நாலும் ஓடறதே.”

“ஒண்ணு போட்டேன், மீதி மூணும் கூடவே வந்துடிச்சி.”

ஒரகடம் பையன்கள், நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி மேடம் என்றார்கள். பேங்க் சார், வயசுக்காவது முதலில் விடக் கூடாதா என்றார். வரிசை என்றால் யாருக்கும் முதலில் நிற்கத்தான் தெரியும். கோயில் புளியோதரைக்கு நின்றவர்களைக் கேட்டால் தெரியும்.

மேடமே பெட்டியில் மாற்றி வைத்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. முடியாதாம். அந்தப் பாடத்துக்கான ஏற்பாடெல்லாம் சென்னையில் பூட்டி அனுப்பியது. நடத்துகிறவர்கள் கை வைத்தால் தப்பு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடிதம் வந்தது.

பெரிய பரீட்சைக்கான படிப்பை இங்கேயே நடத்த அனுமதி வேண்டும் என்று மேடம்தான் எழுதிப் போட்டிருந்தார். இதுவரை நடந்தது தற்காலிகம். கடிதத்தில், சனிக்கிழமை ஆபீசர் வருவார் என்று இருந்தது. வகுப்பு எப்போதும்போல நடக்க வேண்டும். பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை, ஒரு மணி நேரம் அளப்பார். கேட்டதை எடுத்துக் கொடுக்கப் பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளவு. ஒரு செகண்டை ஆயிரம் துண்டாக்கினால் அதில் இருபது துண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒரு தடவை இருபதைத் தாண்டினாலும் அனுமதி கிடையாது.

சனிக்கிழமைகளில் அந்த அளவு இருநூறைத் தாண்டும் என்று மேடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லாரும் போன பிறகு டீ ரூமுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அனுமதி வரலேன்னா இந்த வகுப்பை மூடிடுவா. நான் பழையபடி சென்னை போகணும்.”

நான் அடுத்த டம்ளரை எடுத்துத் தேய்த்தேன்.

“காலம்பற அஞ்சே முக்கால் ட்ரெயின். ராத்திரி வீடு வந்தா குழந்தை தூங்கிண்டிருக்கும். போன வருஷம் அப்படித்தான். என்னைப் பாத்தா அழுதது. ஞாயித்துக்கிழமை மட்டும் வர மாமின்னு நினைச்சிண்டிருந்தது.”

டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

“மொதலாளி கிட்ட நாளைக்கு ஒரு நாளாவது மெயினை முன்னாடியே போடச் சொன்னீங்களா?”

“சொன்னேன். ஆபீசரோட மிஷினுக்குக் கரெண்ட் வேணும்னு மெயினைப் போட ஒத்துண்டார். ஆனா பசங்க மிஷின் பத்தரைக்குத்தான்னுட்டார். தேங்காய் உடைச்சு, சூடம் ஏத்தி, எல்லாரும் ஒண்ணா ஆரம்பிக்கணுமாம். ஆபீசர் பாக்கறச்சே நன்னா இருக்குமாம்.”

“பசங்க?”

“நூறு தரம் சொல்லியாச்சு. காதுலயே போட்டுக்க மாட்டேங்கறா.”

சொன்னால் கேட்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இந்த ஊரில் சொன்னதை யார் கேட்டார்கள். குறித்துக் கொடுத்தால்தான் கேட்பார்கள்.

“நீங்க வீட்டுக்குப் போங்க மேடம்” என்றேன்.

மொதலாளி சேர்க்கைப் பாரம் ஒன்று அச்சடித்து வைத்திருக்கிறார். பேர், அப்பா பேர், ஆதார், செல் நம்பர், நட்சத்திரம், பாதம். நட்சத்திரம் எழுதாத பாரத்தை வாங்க மாட்டார். ஏழு பாரமும் மேசை டிராயரில் இருந்தது. மேசையைத் துடைக்கிறவள் நான்தான். எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரித் தம்பி ரோகிணி. சங்கத்துப் பெண் அஸ்தம். ஒரகடம் இரண்டு பேரும் பூசம். தாமல் மூலம். பேங்க் சார் உத்திரட்டாதி. வாத்தியார் அந்த இடத்தில், கிடையாது என்று எழுதியிருந்தார். பாதத்தில், ரெண்டு இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

கீழே கடையில் பெட்டி கட்டுகிற வெள்ளை அட்டை வாங்கினேன். ஆறு துண்டு நறுக்கினேன். ஒவ்வொன்றிலும் பேர், நட்சத்திரம், கீழே நேரம். 10.30. 10.36. 10.42. 10.48. 10.54. 11.00. வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். மஞ்சள் தடவிய காகிதத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பத்திரிகை வந்தால் யாருடைய கல்யாணம் என்று தெரியாமலே போய்ச் சாப்பிட்டு வருகிறவர்கள்தானே.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஆபீசர் வந்தார். தன் மிஷினைப் பெட்டியோடு மாட்டினார். ஹால் கோடியில் உட்கார்ந்தார். மேடம் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

பத்து மணிக்கு நான் டீ எடுத்துப் போனேன். ஒவ்வொரு டம்ளருக்கு அடியிலும் ஓர் அட்டை.

ஆஸ்பத்திரித் தம்பி அட்டையை எடுத்துப் பார்த்தான். “அக்கா, இன்னா இது?”

“உன் நேரம்.”

கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சங்கத்துப் பெண், “சரியா பத்து முப்பத்தாறாக்கா? முப்பத்தஞ்சுக்குப் போட்டா?” என்றாள்.

“போட்டுப் பாரு.”

“வேணாம்பா.”

பேங்க் சார் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். “பதினொரு மணியா? அதான் ஆறு மாசமா எனக்கு ஒண்ணும் ஏறல. இது மொதல்லயே குறிச்சுக் குடுத்திருக்கலாமே.”

“இப்பதான் சார் குறிச்சது.”

குறித்தது நான்தான். பொய் இல்லை. ஜோசியர் என்ற வார்த்தையே என் வாயில் வரவில்லை.

ஒரகடம் பையன்களிடம்தான் சிக்கியது. இரண்டு பேரும் அட்டையை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

“அக்கா, நாங்க ரெண்டு பேருமே பூசம். இவனுக்கு நாப்பத்திரெண்டு, எனக்கு நாப்பத்தெட்டு. அது எப்டி?”

“பாதம் வேற.”

அவன் யோசித்தான். “ஆமாண்டா, எனக்கு மூணாம் பாதம்.”

“அதுக்குத்தான் உனக்குப் பொண்ணு அமையல” என்றான் மற்றவன்.

தாமல்காரர் அட்டையைப் பார்க்கவே இல்லை. மூலம்தானே, எனக்கு எப்பவும் லேட்டுதான் என்றார்.

மிச்சம் வாத்தியார். அவருக்கு அட்டை கிடையாது. அட்டை கொடுத்தால் கிழித்து ஹால் நடுவில் நின்று பேசுவார். பக்கத்தில் குனிந்து டீ வைத்தேன்.

“சார், இன்னிக்கு மெயின் போட்டிருக்குது.”

“அதுக்கு?”

“ராகு காலம்.”

“அதுக்கு?”

“போட்டா யாரும் தடுக்க முடியாது. ஆபீசர் இருக்காரு.”

அவர் மொதலாளியைப் பார்த்தார். மொதலாளி கீழே தேங்காய்க்குப் போயிருந்தார். வாத்தியார் சட்டைக் கையை மடித்தார். பத்து பத்துக்கு நாலு மிஷினையும் போட்டார். இந்த ஆறு மாசத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. பெட்டி ரூமில் விளக்கு அஞ்சு நிமிஷம் மினுக்கியது. அடங்கியது. ஆபீசர் அளக்க ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது.

ஒன்று கழிந்தது. ஆறு பாக்கி.

பத்து இருபத்தெட்டுக்கு மொதலாளி தட்டோடு ஏறி வந்தார். தேங்காய், பூ, சூடம். ஆபீசருக்குச் சந்தனம் காட்டினார். ஆபீசர் விரலால் தொட்டுக் கைக்குட்டையில் துடைத்தார். மேடம் சுவர் ஓரமாக நின்றார். அட்டை விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. தெரிந்தால் தடுத்திருப்பார், இல்லாவிட்டால் சிரித்திருப்பார். இரண்டும் ஆகாது.

பத்தரை. ஆபீசர் அளக்க ஆரம்பித்தார். மொதலாளி சூடத்தைக் கொளுத்தினார்.

“எல்லாரும் அமுக்குங்கப்பா!”

ஆஸ்பத்திரித் தம்பி அமுக்கினான்.

மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மொதலாளி தட்டைச் சுற்றிக்கொண்டே பார்த்தார். “இன்னாங்கப்பா, அமுக்குங்க. சூடம் அணையுது.”

“எனக்கு முப்பத்தாறு சார்” என்றாள் சங்கத்துப் பெண்.

“எனக்கு நாப்பத்திரெண்டு.”

“நாப்பத்தெட்டு.”

“இன்னா நாப்பத்தெட்டு?”

பேங்க் சார் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார். “நீங்க ஜோசியர் கிட்ட கேட்டுக் குறிச்சுக் குடுத்தீங்களே சார். நட்சத்திரப்படி. ரொம்ப நல்ல ஏற்பாடு. எனக்குப் பதினொண்ணு.”

மொதலாளி வாயைத் திறந்தார். ஹால் கோடியில் ஆபீசர் தலை நிமிர்ந்து பார்த்தார். தன் சென்டரில் என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாது என்பதை ஆபீசர் முன்னால் எந்த மொதலாளி ஒப்புக்கொள்வார்.

“ஆங். ஆமா. நான்தான் குறிக்கச் சொன்னேன். அந்தந்த நேரத்துக்குப் போடுங்க” என்றார். சூடம் விரலைச் சுட்டுவிட்டது.

“எனக்குக் குறிக்கல” என்றார் வாத்தியார். “நான் ராகு காலத்துலயே போட்டேன். இருபது நிமிஷமா ஓடுது. இன்னும் சாவல.”

மொதலாளி தேங்காய்மூடியை ஓங்கினார். ஆபீசர் இருப்பது ஞாபகம் வந்து தட்டில் வைத்தார்.

நேராக டீ ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

“இன்னாமா நடக்குது?”

“டீ வேணுமா சார்?”

“ஜோசியர் எப்ப வந்தாரு? அவரு எங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

நான் அடுப்பைக் குறைத்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குரலை இறக்கினார்.

“எல்லாருக்கும் குறிச்சிருக்குது. எனக்கு எங்கம்மா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஹாலில் அவருக்கும் ஒரு மிஷின் இருந்தது. கடையின் பழைய சரக்கு விவரம் அதில். அதுவும் அதே பெட்டியிலிருந்துதான் சாப்பிடும். ஆபீசர் பதினொன்றரைக்கு முடிக்கிறார்.

“உங்களுக்குப் பதினொண்ணரை சார்.”

“ஏன் அவ்ளோ லேட்டு?”

“மொதலாளிக்குக் கடைசியாத்தான் வரும்.”

அவர் முகம் மலர்ந்தது. “அது சரிதான். சாமி புறப்பாட்டுல கூட பெருமாள் கடைசியாத்தானே வர்றாரு” என்று சொல்லிக்கொண்டே போனார். பெருமாள் எங்கே கடைசியில் வருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை.

முப்பத்தாறுக்குச் சங்கத்துப் பெண் கண்ணை மூடி அமுக்கினாள். நாற்பத்திரண்டுக்கு ஒரகடம் ஒன்று. நாற்பத்தெட்டுக்கு ஒரகடம் இரண்டு. நான் கண்ணாடிக் கதவு வழியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு மினுக்கும், அடங்கும். மினுக்கும், அடங்கும். கொறகொற இல்லை. சனிக்கிழமையில் அந்தப் பெட்டி இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மேடம் ஆபீசர் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். அஞ்சு. எட்டு. ஆறு. ஒன்பது. ஹாலைப் பார்த்தார். தாமல்காரர் அட்டையைக் கையில் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மெதுவாக டீ ரூமுக்கு வந்தார்.

“அக்கா, என்ன பண்ணினேள்?”

“டீ குடுத்தேன்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பார்க்க நான் திரும்பவில்லை. பால் பொங்கும் நேரம்.

பதினொரு மணிக்குப் பேங்க் சார் எழுந்து கிழக்கே பார்த்துக் கும்பிட்டு அமுக்கினார். ஆபீசர் இடத்தை விட்டு எழுந்து வந்தார். சங்கத்துப் பெண்ணின் மேசையிலிருந்த அட்டையை எடுத்தார். முன்னே பின்னே திருப்பினார். மஞ்சளை மோந்து பார்த்தார்.

“இது என்ன?”

“என் டைம் சார்” என்றாள்.

ஆபீசர் மற்ற மேசைகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் அட்டை. மேடம் பக்கம் திரும்பினார்.

“ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் ஆறு நிமிஷம் இடைவெளி. நீங்க வெச்ச முறையா?”

“ஆமாம் சார். எல்லாம் ஒண்ணா எழுந்தா ஸ்டோரேஜ் தாங்காது. வகுப்புலயும் அதைத்தான் சொல்லித் தரேன்.” கண் இமைக்காமல் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

“நிறைய சென்டர் பாத்திருக்கேன். மஞ்சள் தடவிக் குடுக்கறது இங்கதான்.”

“இங்க எல்லாத்துக்கும் மஞ்சள் வெப்போம் சார்.”

ஆபீசர் சிரிக்கவில்லை. ஆனால் அட்டையை அது இருந்த இடத்திலேயே நேராக வைத்தார்.

பதினொன்று இருபது. திரையில் ஏழு, எட்டு. எல்லாரும் கடைசிப் பயிற்சியில் இருந்தார்கள். நான் டம்ளர் எடுக்க ஹாலுக்குப் போனேன். மொதலாளி தன் மிஷின் முன்னால் குளித்த மாதிரித் தலை வாரி உட்கார்ந்திருந்தார். வலதுகை விரல் நீட்டியபடி. கண் சுவர்க் கடிகாரத்தில் இல்லை. தன் கைக்கடிகாரத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொதலாளி கைக்கடிகாரத்தை அஞ்சு நிமிஷம் முன்னால் வைத்திருப்பவர். கடை திறக்கப் பிந்தக் கூடாது என்று. அது இந்தத் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். மறந்துவிட்டேன்.

சுவரில் பதினொன்று இருபத்தைந்து. மொதலாளி கையில் பதினொன்றரை.

“முருகா” என்று அமுக்கினார்.

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். “அக்கா, அந்த மிஷினை தீபாவளிலேர்ந்து போடல. இத்தனை நாள் அப்டேட்டும் இப்ப ஓடும்.” காதோடு சொன்னார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்தது.

பெட்டி ரூமிலிருந்து கொற என்று ஒரு சத்தம் வந்தது.

திரையில் பதினொன்று. பதினான்கு.

செய்வதற்கு ஒன்றும் இல்லை. மொதலாளியிடம் போய் நிறுத்துங்கள் என்றால் ஏன் என்பார். அவர் ஏன் என்று கேட்கிற நேரத்தில் ஆபீசர் திரும்புவார்.

வாத்தியார் ஆபீசரின் திரையைப் பார்த்தார். மொதலாளியைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார். பக்கத்திலிருந்த சங்கத்துப் பெண் அதைப் பார்த்தாள். அவளும் பயிற்சியை நிறுத்திக் கையை எடுத்தாள். ஆஸ்பத்திரித் தம்பி எடுத்தான். தாமல் எடுத்தார். ஒரகடம் இரண்டும் சேர்ந்தே எடுத்தார்கள். பேங்க் சாருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. சங்கத்துப் பெண் காலால் இடித்தாள். எடுத்தார்.

ஏழு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரிக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மாசமாக மேடம் சொன்னது எதுவும் அவர்கள் காதில் விழவில்லை என்று நானும்தான் நினைத்தேன்.

“இன்னாப்பா, எல்லாரும் முடிச்சிட்டீங்களா?” என்றார் மொதலாளி.

“முடிச்சிட்டோம் சார்” என்றார் வாத்தியார். “நீங்க நிதானமா பண்ணுங்க. உங்க நேரம்.”

மொதலாளிக்கு வாத்தியார் இவ்வளவு மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

பதினாறு. பதினேழு. கொறகொற. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. கையில் ஏழு டம்ளர் இருந்தது.

சுவர்க் கடிகாரம் பதினொன்றரை ஆனது. ஆபீசர் ஒரு பொத்தானைத் தட்டினார். பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தில் மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். சென்டர் இருக்கும் இடம், இருக்கைகள், மிஷின்கள். அவசரமே இல்லை. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் திரையை ஒரு முறை பார்த்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பி மேடம் பக்கம் நகர்த்தினார்.

மேடம் கண்ணைத் திறக்கவில்லை. “அக்கா, நீங்க படிங்கோ” என்றார்.

டம்ளர்களைக் கீழே வைத்தேன். கையைப் புடவையில் துடைத்தேன். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு என்ற கட்டத்தைப் படித்தேன்.

பத்தொன்பது.